நாற்காலி இல்லாத பொம்மை

"இந்த ஊர்ல ஒருத்தன்கூட யோக்கியன் கிடையாது" என்று லொரெய்ன் அறுத்துப் பேசியபோது, அதே ஊரில் பிறந்து அங்கேயே நரைத்துப்போன ஃபிடென்சியோ, தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல். கீழ்த்தளத்தில் காபிக் கூடம். லொரெய்ன் முன்னால் பாதி கடித்த சாண்ட்விச். பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் விக்டர். உயரமான, வெளுத்த, காதோரம் நரை விழுந்த மனிதர். பேச்சில் கலந்துகொள்ளாமல் கண்ணாடிக்கு வெளியே விமானங்களை வெறித்துக்கொண்டிருந்தார்.

கனடாவிலிருந்து லீமாவுக்குப் போகிற தம்பதி. நடுவில் மெக்சிகோ நகரத்தில் ஒரு பகல் மட்டும் தங்கல். காலையில் இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு டாக்ஸி எடுத்தார்கள். ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் டிக்கியில் வைத்திருந்த சின்னப் பழுப்புப் பெட்டியைக் காணோம். டாக்ஸிக்காரன் அபுந்தியோ இப்போது லாக்கப்பில்.

அவனுடைய பெண்டாட்டி கசில்டாதான் துப்பறியும் யுலாலியாவின் ஆபீசுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தவள்.

"என் புருஷன் நல்லவன்னு நான் சொல்லல மேடம். ஆனா திருடணும்னா சீட்டை விட்டு எழுந்திருக்கணும்ல? பூகம்ப சைரன் அடிச்சப்பவே தூக்கம் கலைஞ்சு எழுந்திருக்காத ஆளு அது!"

நாலு மணிக்குக் காவல் அதிகாரி சிப்ரியானோ புகார்த் தாளோடு இந்த ஓட்டலுக்கு வருவதாக ஏற்பாடு. தம்பதி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டால் அபுந்தியோ நேரே சிறைக்கு. புகார் கொடுத்தவர்கள் வேறு தேசத்தில் இருக்க, அந்த வழக்கை யார் எப்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்பது மாதாவுக்கே வெளிச்சம்.

யுலாலியாவோடு வந்திருந்த அவள் உதவியாளர் ஃபிடென்சியோ பழக்க தோஷத்தில் லொரெய்னின் தட்டைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, தன் பாஷையில் சொன்னார். "நல்லாச் சாப்பிடுங்கம்மா."

"என்ன சொல்றான் இவன்? என் சாப்பாட்டுல பங்கு கேக்கறானா?"

"நீங்க நல்லாச் சாப்பிடணும்னு சொல்றார்" என்றாள் யுலாலியா, ஆங்கிலத்தில்.

"நான் எப்படிச் சாப்பிட்டா இவனுக்கென்ன? நீங்க ரெண்டு பேரும் யாரு? அந்தத் திருடனோட கூட்டாளிங்களா?"

"அவரோட வீட்டம்மா எங்களை அமர்த்தியிருக்காங்க. பெட்டியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா உங்களுக்கும் நல்லதுதானே?"

"தாராளமாக் கண்டுபிடிங்க. நாலு மணி வரைக்கும்."

யுலாலியா உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது, குள்ளம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. "பெட்டியில என்ன இருந்துச்சு?"

"ஒரு பீங்கான் பொம்மை. ஆம்பளைக் குழந்தை. விக்டரோட பாட்டி ஸ்காட்லாந்துல வச்சிருந்தது. கல்யாணமான நாள்லேர்ந்து என் கண்ணாடி அலமாரியிலதான் இருக்கு. என் தங்கச்சி லீமால இருக்கா, அவ பேத்திக்குக் கொடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஒரு கையைத் தூக்கி, ரெண்டு விரலை நீட்டிக்கிட்டு, உக்காந்த வாக்குல இருக்கும்."

"எது மேல உக்காந்திருக்கும்?"

"எது மேலயும் இல்ல. படுக்க வச்சா காலு தூக்கிக்கும், நிக்க வச்சா விழும். நாலு புஸ்தகத்தை அடுக்கி அதுல சாய்ச்சு வச்சிருந்தேன்."

"நாற்காலி ஒண்ணும் கூட வரலையா?"

"பொம்மை காணாமப் போச்சுன்னு சொல்றேன், இவ நாற்காலியைத் தேடறா!" லொரெய்ன் புருஷன் பக்கம் திரும்பினாள். "விக்டர், நீயாவது ஏதாவது சொல்லேன்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் விக்டர் ஜன்னலைப் பார்த்தே. "இந்த ஊருக்கு நாம புதுசு. யாரை நம்பறதுன்னு நமக்கென்ன தெரியும்? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பிடலாம்."

வெளியே வந்ததும் ஃபிடென்சியோ தொப்பியைத் தலையில் அழுத்தினார். "தலைவி, நான் எத்தனையோ பிரேதத்தை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். அந்த ஆளைவிட அதுங்க கலகலப்பா இருக்கும்."

அது பொய்யில்லை. துப்பறிய வருவதற்கு முன் ஃபிடென்சியோவின் உத்தியோகம் சவ வண்டி ஓட்டுவது. ஓய்வு பெற்றபோது அந்த வண்டியையே வாங்கி வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார். பெயின்ட் அடித்தாலும் உருவம் மறையுமா? நெரிசலில் அது வருவதைக் கண்டால் பஸ்காரன்கூட நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வழிவிடுவான். இந்த ஊரில் ஒரு துப்பறிகிறவளுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

"எங்க போறோம் தலைவி?"

"அவங்க சாப்பிட்ட கடைக்கு. அபுந்தியோ தெருப் பேர் சொல்லியிருக்கான். அந்த இடத்தைக் கை காட்டினதே அந்த விக்டர்தானாம்."

"வெளிநாட்டுக்காரன் கை காட்டற கடைன்னா மேசை விரிப்பு போட்ட கடையா இருக்கும்."

அப்படி இல்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் வண்டி நுழையவே முடியவில்லை. ஜனவரி முடிகிற நேரம். மெழுகுவர்த்தித் திருநாளுக்காகத் தெருவின் இரண்டு பக்கமும் கடை போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் குழந்தை இயேசு பொம்மைக்குப் புதுச்சட்டை வாங்க ஊரே திரண்டிருந்தது. முழம் உயரத்துக்குப் பட்டு அங்கி, டாக்டர் கோட்டு, கால்பந்து ஜெர்சி. வீட்டுக்கு வந்து வருஷங்கள் கழிந்த குழந்தையைப் படுக்க வைக்க மாட்டார்கள், உட்கார வைப்பார்கள். அந்தப் பொம்மைகளுக்கென்று தங்கப்பூச்சு அடித்த சின்னச் சின்ன நாற்காலிகள் ஒரு கடை நிறைய.

யுலாலியா அந்த நாற்காலிக் கடை முன்னால் நின்றுவிட்டாள்.

"தலைவி, நமக்கு உக்கார நேரமில்ல" என்றார் ஃபிடென்சியோ.

அவள் அடுத்த கடையில் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கடை நடத்துகிற தோமித்திலா அகலமான பெண்மணி. அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில் இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்தாள். வாசலில் கால் வைத்ததும் ஃபிடென்சியோ, இடமும் வலமும் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்றார். மேசைகளிலிருந்து வாய் நிறைய சோற்றோடு "நன்றி, நன்றி" என்று முணுமுணுப்பு எழுந்தது.

"வா என் ராசா, உக்காரு. சூப்பு பூசணிப்பூ, குழம்பு பன்னி" என்றாள் தோமித்திலா.

"சாப்பிட வரலைம்மா" என்றாள் யுலாலியா.

"நான் வந்திருக்கேன்" என்று ஃபிடென்சியோ உட்கார்ந்துவிட்டார்.

தம்பதியைப் பற்றிக் கேட்டதும் தோமித்திலா கரண்டியை ஓங்கினாள். "ஏன் கேக்கறே! அந்தம்மா சூப்பைத் திருப்பி அனுப்பினா, சோத்தைத் திருப்பி அனுப்பினா, தண்ணியில ஐஸ் போட்டா ஏன் போட்டேங்கறா, போடலைன்னா ஏன் போடலைங்கறா. அந்த ஆளு ஒரு வார்த்தை பேசல. பாஷை தெரியாதில்ல? விரலால தொட்டுத் தொட்டுக் காட்டினாரு. நடுவுல சிகரெட்டு பிடிக்கற மாதிரி சைகை காட்டிட்டு வெளிய போனாரு. சூப்பு ஆறிப்போற வரைக்கும் வரல. வந்தப்பவும் புகை வாடையே இல்ல. அந்தம்மா ஒரு ஆட்டம் ஆடிட்டு, கோவிச்சுக்கிட்டு முன்னாடி வெளிய போயிட்டா."

"அவர்?"

"பின்னாடியே போனாரு. மூஞ்சி என்னவோ கோணல்தான். ஆனா வளர்ப்பைக் குத்தம் சொல்லக் கூடாது. போறப்ப எல்லா மேசைக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போனாரு."

ஃபிடென்சியோ பாதிச் சூப்பில் தலையாட்டினார். "எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, மரியாதை தெரிஞ்சவன்."

யுலாலியா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். தலைவி கண்ணாடி துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம் என்பது ஃபிடென்சியோவுக்குத் தெரியும். யாருக்கு என்பதுதான் புரியவில்லை.

"அம்மா, இன்னொண்ணு கேக்கறேன். இந்தத் தெருவுல யார் வீட்லயாவது குழந்தை இயேசுவோட நாற்காலி மட்டும் இருக்கா? குழந்தை இல்லாம?"

"ஒத்தீலியா வீட்ல" என்றாள் தோமித்திலா யோசிக்காமல். "எதிர்க் கட்டடம், மூணாவது மாடி. அவங்கப்பா வெளிநாட்டு எஞ்சினீரு, அம்மா இந்தத் தெருக்காரி. அம்மா செத்தன்னிக்கே, குழந்தை யாருக்குன்னு அக்கா தம்பிக்குள்ள சண்டை. தம்பிக்காரன் ராவோட ராவா குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். அப்புறம் ஆளே வரல. இவ வருஷா வருஷம் புதுச்சட்டை வாங்கி, வெறும் நாற்காலிக்குப் போட்டு, கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவா. தெருவே சிரிக்கும். அவ யாரோடயும் பேச மாட்டா."

ஃபிடென்சியோவின் கரண்டி நின்றது. "தலைவி..."

"சூப்பை முடிங்க" என்றாள் யுலாலியா. "ஏறி இறங்க வேண்டியிருக்கு."

எதிர்க் கட்டடத்துக் கதவு பூட்டியிருந்தது. அந்தக் கட்டடத்தில் அழைப்பு மணி கிடையாது. வேண்டியவர்கள் தெருவில் நின்று அவரவர் குடும்பத்துக்கென்று இருக்கிற விசிலை அடிப்பார்கள், மேலேயிருந்து சாவியைக் காலுறைக்குள் போட்டு வீசுவார்கள். வேண்டாதவர்கள் திரும்பிப் போகவேண்டியதுதான்.

"ஒத்தீலியாம்மா!" என்று யுலாலியா குரல் கொடுத்தாள். "குழந்தைக்குச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்கேன்."

மூணாவது மாடி ஜன்னல் திறந்தது. வெளுத்த, நீண்ட முகம். கோபத்திலேயே காய்ந்துபோன கண்கள். "என் வீட்ல குழந்தை இல்லன்னு தெருவுக்கே தெரியும். கேலி பண்றதுக்கு நேரம் பார்த்து வந்தியா? போடி!"

யுலாலியா செருப்பை உயரத் தூக்கிக் காட்டினாள். "பட்டு வார் வச்சது. அளவு பாருங்க."

ஒத்தீலியா கண்ணைச் சுருக்கினாள். "அது சேராது. அதே அளவை இப்பத்தான் போட்டுப் பார்த்தேன், கட்டைவிரல் இடிக்..."

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடிச்சுப் போட்ட ஒரு சாம்பல் நிறக் காலுறை விழுந்து ஃபிடென்சியோவின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"குறி பார்த்து அடிச்சிருக்கா" என்றார் அவர்.

அறையில் கட்டில், மேசை, மெழுகுவர்த்தி. மேசை மேல் தங்கப்பூச்சு உதிர்ந்த ஒரு குட்டி நாற்காலி. அதில், அளவெடுத்துச் செய்தது போல, ஒரு பீங்கான் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒரு கை மேலே, இரண்டு விரல் நீட்டி. புத்தம்புதுச் சட்டை. கால் மட்டும் வெறுமை. கட்டிலுக்கு அடியில் பழுப்புப் பெட்டி.

ஃபிடென்சியோவின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"தூக்கிக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்றாள் ஒத்தீலியா, மேசைக்குக் குறுக்கே நின்று. "முதல்ல என்னைத் தூக்குங்க."

"யாரு கொண்டு வந்து கொடுத்தது?"

"அம்மா அடிக்கற விசில் கேட்டுச்சு. சாவியைப் போட்டேன். படியில நிக்கறான். 'இந்தா, உன்னுது, நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதே'ன்னான். ஒரு அறை விட்டேன். கன்னத்தைத் தேய்ச்சுக்கிட்டே இறங்கிப் போயிட்டான். உள்ள கூப்பிடல. கூப்பிடவும் மாட்டேன்."

"அதுக்காக ஒரு டாக்ஸிக்காரர் லாக்கப்புல இருக்கார்மா. அவர் திருடினதா உங்க தம்பி சொல்லியிருக்கார்."

ஒத்தீலியா குழந்தையின் சட்டையை நீவிவிட்டாள். குழந்தையைப் பார்த்தாள், யுலாலியாவைப் பார்த்தாள். "அப்ப... எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யுலாலியா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து வெறும் பெட்டியை மட்டும் இழுத்தாள். "இது போதும். செருப்பை அடுத்த அளவா மாத்திக்குங்க."

வண்டியில் ஏறியதும் ஃபிடென்சியோவால் பொறுக்க முடியவில்லை. "தலைவி, வெறும் பெட்டியைக் காட்டினா அந்த ஆளு 'எனக்கென்ன தெரியும்'னு கையை விரிச்சுடுவான். அக்காக்காரியை சாட்சிக்கு இழுத்தா குழந்தை மறுபடியும் அந்தம்மா கைக்குப் போயிடும். நம்ம கையில என்னதான் இருக்கு?"

"வழியில ரெண்டு தோர்த்தா வாங்குங்க. பெரிய ரொட்டியா, பன்னி வறுவல் வழியற மாதிரி."

"எனக்கா?"

"அதிகாரி சிப்ரியானோவுக்கு. மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டார். கதவுக்குப் பக்கத்து மேசையில உக்கார வச்சு, அங்கேயே சாப்பிடச் சொல்லணும். அது உங்க வேலை."

"லஞ்சத்தைத் தட்டுல வச்சுக் கொடுக்கற முதல் துப்பறியும் கம்பெனி நம்மதான்" என்றார் ஃபிடென்சியோ. ஆனாலும் வாங்கினார்.

நாலு மணிக்கு ஓட்டல் காபிக் கூடத்தில் சிப்ரியானோ கதவோரத்து மேசையில் உட்கார்ந்து, மீசையில் சாறு வழிய, முதல் தோர்த்தாவின் நடுப்பாகத்தில் இருந்தார். புகார்த் தாளும் பேனாவும் லொரெய்ன் முன்னால். யுலாலியா பெட்டியைக் கொண்டுபோய் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

லொரெய்ன் பாய்ந்து திறந்தாள். "காலி! பொம்மை எங்க?"

"பத்திரமா இருக்கு. எங்க இருக்குன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்."

விக்டர் முதல் தடவையாக ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். இடது கன்னம் லேசாகச் சிவந்திருந்ததை ஃபிடென்சியோ கவனித்தார்.

"உளறாதீங்க. பொம்மையை வித்துட்டுப் பெட்டியைக் கொண்டு வந்து நாடகம் ஆடறீங்களா? காலையில வந்து இறங்கின எனக்கு இந்த ஊர்ல எது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? லொரெய்ன், கையெழுத்தைப் போடு. நான் போய் நம்ம சாமானை எடுத்துட்டு வரச் சொல்றேன்."

லொரெய்ன் பேனாவை எடுத்தாள். "போலீசைக் கூட வச்சுக்கிட்டே என்னை ஏமாத்தப் பாக்கறாங்க! உங்க ஆளை நான் விடப்போறதில்ல."

பேனா முனை தாளைத் தொட்டது. ஃபிடென்சியோ தலைவியைப் பார்த்தார். தலைவி பெட்டியையும் பார்க்கவில்லை, பேனாவையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்டர் விறுவிறுவென்று நடந்தார். கதவோரத்து மேசையைத் தாண்டினார். தாண்டும்போது, நடையைக் குறைக்காமல், தலையை மட்டும் லேசாகச் சாய்த்து, சந்தைக்குப் பின்னால் உள்ள சந்துக்காரர்கள் இழுக்கிற அதே இழுப்பில் சொன்னார்:

"நல்லாச் சாப்பிடுங்க."

"நன்றி" என்றார் சிப்ரியானோ, வாய் நிறைய ரொட்டியோடு.

பிறகுதான் இரண்டு பேருமே நிறுத்தினார்கள். ஒருவர் நடையை, ஒருவர் மெல்லுவதை.

பேனா தாளைவிட்டு எழுந்தது. "விக்டர், இப்ப அவர்கிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும்... காதுல விழுந்ததைத் திருப்பிச் சொன்னேன்."

"மத்தியானம் இந்தப் பெரியவர் என்கிட்ட இதையே சொன்னார். நான் திட்டினேன். அப்ப நீ புரியாத மாதிரி உக்காந்திருந்த."

"காலையில சாப்பாட்டுக் கடையிலயும் எல்லா மேசைக்கும் சொல்லியிருக்கார்" என்றாள் யுலாலியா. "நீங்க முன்னாடி வெளிய போயிட்டீங்க. இந்த ஊர்ல வளர்ந்த ஆளு பாஷை தெரியாதுன்னு நடிக்கலாம், பொறந்த ஊரை மாத்திச் சொல்லலாம். சாப்பிடறவனைத் தாண்டறப்ப வாயை மூடிக்கிட்டுப் போக மட்டும் முடியாது. அந்த நினைப்பு மனசுல வர்றதுக்கு முன்னாடியே வாயில வந்துடும். சொல்லுங்க விக்டர். உங்க அக்கா அறைஞ்ச கன்னம் இன்னும் வலிக்குதா?"

விக்டர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

"அக்காவா?" என்றாள் லொரெய்ன். "உனக்கு யாருமே இல்லன்னியே?"

"உங்கப்பா சாப்பாட்டு மேசையில உக்காந்து இந்த ஊர்க்காரங்களைப் பத்தி என்னவெல்லாம் சொல்வார், ஞாபகம் இருக்கா? முதல் நாள் ஒரு பொய் சொன்னேன். அப்புறம் அதுக்கு தினமும் தீனி போட வேண்டியதாப் போச்சு. அந்தப் பொம்மையை நீ லீமால கொடுத்துட்டா அப்புறம் அக்காவுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அதான் இன்னிக்கே..."

"எங்கப்பா செத்து எத்தனையோ காலமாச்சு, விக்டர்."

விக்டர் கைப்பிடியை விட்டார்.

"அந்த டாக்ஸிக்காரன்?" என்றாள் லொரெய்ன்.

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு..."

"விட மாட்டாங்க" என்றார் ஃபிடென்சியோ. அவர் குரலில் வேடிக்கை செத்துப்போயிருந்தது. "அந்தம்மாவுக்கு அது தெரியாது. நீ இந்த ஊர்ல பொறந்தவன். உனக்குத் தெரியும்."

லொரெய்ன் புகார்த் தாளை இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், காலிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். சிப்ரியானோ வாயைத் துடைத்துக்கொண்டு லாக்கப்புக்குப் போன் போட்டு, அபுந்தியோவை வெளியே விடச் சொன்னார். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "தூங்கறானா? எழுப்பி விடுய்யா" என்று அதட்டினார். பிறகு விக்டரைத் தன் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "பொய்ப் புகார் சார். நீங்க இன்னிக்கு எங்கயும் பறக்கப் போறதில்ல. ஸ்டேஷனுக்குப் போக நேரமாகும், இதைச் சாப்பிடுங்க" என்று இரண்டாவது தோர்த்தாவை அவர் பக்கம் தள்ளினார்.

லொரெய்ன் தன் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். யுலாலியாவின் அருகில் வந்து நின்றாள். முகத்தில் இளக்கம் எதுவும் இல்லை.

"அதுக்கு நாற்காலி இருக்கா?"

"இருக்கு. அளவாச் செஞ்சது."

"அப்ப அங்கயே இருக்கட்டும்."

ஃபிடென்சியோ பக்கம் திரும்பினாள். "மத்தியானம் என்கிட்ட சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

அவர் சொன்னார். அவள் உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கதவை நோக்கி நடந்தாள். விக்டர் தலை குனிந்து, முன்னால் இருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டும்போது லொரெய்ன் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. உடைந்த உச்சரிப்பில், கல்லை எறிவது போல, எறிந்துவிட்டுப் போனாள்:

"நல்லாச் சாப்பிடுங்க."

"நன்றி" என்றார் விக்டர், தன்னையறியாமல்.

கதவு அதற்குள் சாத்திக்கொண்டுவிட்டது.